அக்கா வீட்டுக் கட்டத்தில் ஒரு புளியங்கொட்டை

அன்று அந்தத் தெருவில் இருந்தவர்கள்: சுகாதார நர்ஸ் ஜெயந்தி, மகளிர் குழு வசந்தா, அஞ்சலை, எதிர்வீட்டு மேரி, என் அக்கா பச்சையம்மாள், அவள் மகன் சேகர், நான். வேறு யாராவது வந்து நானும் இருந்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போனேன். ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் அக்கா வீடு. அடுத்த வெள்ளத்துக்கு எந்த வீட்டுக்கு முதலில் ஆள் போகவேண்டும் என்று தெருப் பெண்களே படம் போடப்போவதாகப் போனில் சொன்னார்கள். போன வெள்ளத்தில் அந்தத் தெருவுக்குப் படகு வந்தது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அக்காவை மட்டும் விட்டுவிட்டுப் போனது. இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவள் மறுநாள் மதியம் வரை கட்டிலில் கிடந்தாள். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. படகில் வந்தவர்கள், பார்த்துக்கொண்டிருந்த மேரி, ஒருவரையும் நான் மறக்கவில்லை. இந்த முறை அக்கா வீடு படத்தில் விழாமல் திரும்புவதில்லை என்றுதான் கிளம்பினேன்.

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் காலை 7.10 வண்டி. 38 கிலோமீட்டர், டிக்கெட் 35 ரூபாய். பெண்களுக்கு இலவசமெல்லாம் டவுன் பஸ்ஸில்தான். இதில் ஏறிக் கண்டக்டரிடம் வழக்காடாதீர்கள், நான் வழக்காடித் தோற்றவள். காலையில் இடதுபக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது. கூட்டேரிப்பட்டில் ஐந்து நிமிடம் நின்றது. 8.20க்குத் திண்டிவனம்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார்.

"ஆட்டோவ வெலைக்கா கேட்டேன்?"

"ரோடு பேஜாரும்மா. வண்டி ஒடம்பு தாங்காது."

"என் ஒடம்பே தாங்குது, ஜல்தியா எடு." நூறுக்கு வந்தார்.

தெருவைப் பெருக்கி, கோலமாவால் தெருவையே தரையில் வரைந்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு கட்டம். கைக்குழந்தை இருந்தால் ஒரு மல்லாட்டை, வேர்க்கடலைதான். தானாக எழுந்து வெளியேற முடியாதவருக்குக் காய்ந்த மிளகாய். தனியாக இருப்பவருக்குப் புளியங்கொட்டை. மிளகாயும் கொட்டையும் சேர்ந்து விழும் வீட்டுக்கு முதல் வண்டி. அதைப் பார்த்து ஜெயந்தி தாளில் எழுதிக்கொள்வாள்.

என் அக்கா வீட்டுக் கட்டத்தில் வசந்தா மிளகாய் வைத்தாள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் புளியங்கொட்டை வைத்தேன். சேகர் குனிந்து அதை எடுத்துவிட்டான். சென்னையில் குடும்பத்தோடு இருப்பவன். இதற்காகவே அக்கா அன்று காலை அவனை வரவழைத்திருந்தாள்.

"இன்னா சித்தி இது? எங்கம்மாவுக்கு ஆளில்லன்னு தெருவுல கோலம் போட்டுக் காட்டணுமா?"

"அன்னிக்கித் தண்ணி வந்தப்போ எங்கடா இருந்த?"

"வேலைய வுட்டுட்டு இங்கியே குந்திக்கினு இருந்தா நீயா சோறு போடுவ?"

சக்கர நாற்காலியிலிருந்து அக்கா கத்தினாள். "எம்புள்ள எங்கூடத்தான் இருக்கறான். எடுத்துட்டான் இல்ல, வுடு."

அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயந்தி மட்டும் பேனாவை மூடவில்லை.

"பெரியம்மா, நேத்து காலையில உங்களக் கட்டில்லேருந்து தூக்கி உக்கார வெச்சது யாரு?"

அக்கா சேகரைப் பார்த்தாள். பிறகு மேரியைப் பார்த்தாள். "மேரி."

"முந்தாநேத்து?"

"அவதான்."

யாரும் கேட்காமலே சேகர் கொட்டையைக் கட்டத்தில் திரும்ப வைத்தான்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். மேரி பக்கம் திரும்பினேன். "இப்பத் தூக்குற கை, அன்னிக்கிப் படகுக்காரங்களுக்கு வீட்டக் காட்டலியே?"

"காட்னேங்கக்கா. வாசல்ல படக நிறுத்தி, உள்ள யாருனா இருக்கீங்களான்னு மூணு தபா கூப்ட்டாங்க. பதிலே இல்ல. அப்பல்லாம் நான் உள்ள போய் வரதில்லீங்களே. சேகரு இட்டுக்கினு பூட்டாருன்னு நெனச்சிட்டோம்."

அக்காவிடம் போனேன். "தூங்கிட்டியா?"

"முழிச்சிக்கினுதான் இருந்தேன்."

"பின்ன இன்னா?"

"என்னத் தூக்கிக்கினு வந்தா, புள்ள வுட்டுட்டுப் பூட்டான்னு தெருவே பாக்கும்."

சேகர் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உங்கள் தெருவிலும் இப்படிப் படம் போடுகிறீர்கள் என்றால், தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். "தனியாக இருக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள், பிள்ளை பெற்றவர்கள் பொய்தான் சொல்வார்கள். நேற்று யார் தூக்கினார்கள், யார் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நாலு பேர் நடுவில் வைத்தும் கேட்காதீர்கள், அடுப்படியில் வைத்துக் கேளுங்கள். வெயில் ஏறுவதற்குள், ஒன்பது மணிக்குள் தொடங்கிவிடுங்கள். பைக் ஏறிக் கோலம் அழிவதற்குள் தாளில் ஏற்றி, ஒன்றைத் தெருவிலேயே வையுங்கள். வெள்ளத்தன்று ஆபீஸ் பீரோவிலிருந்து யாரும் எடுத்து வரப்போவதில்லை. படகில் போகிறவர்களுக்கு ஒன்று: பதில் வராத வீடு காலி வீடு என்று நினைக்காதீர்கள், இறங்கிப் பாருங்கள்.

2.15 வண்டியில் திரும்பினேன். படகுக்காரர்கள் மேல் இருந்த கோபம் விக்கிரவாண்டி வருவதற்குள் இறங்கிவிட்டது. மேரியிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். சேகர் மேல் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, தீபாவளிக்குள் தீர்ந்துவிடும். மூன்று முறை கூப்பிட்டும் வாயை மூடிக்கொண்டு, தண்ணீரில் போனாலும் போகிறேன் என்று கிடந்தவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். என் கூடப் பிறந்தவள், பச்சையம்மாள்.