சேப்பாக்கம் மாளிகையில் கிடைத்த வாய்க்கால்

சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள சேப்பாக்கம் மாளிகைக்கு நான் முதன்முதலில் போனது 1962 ஆகஸ்டில். சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு வாய்க்காலைத் தேடித்தான் போனேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், சாணார்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த ஊர்க் கண்மாய்க்குச் சிறுமலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலை, மேலே தோட்டம் போட்டிருந்த ஒருவர் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார். அங்கே வாய்க்காலே இருந்ததில்லை, எல்லாம் தன் பட்டா நிலம் என்று சாதித்தார். இரண்டு வருஷமாகக் கண்மாயில் தண்ணீர் இல்லை. அறுபது குடும்பங்களின் வயல் தரிசாகக் கிடந்தது. பழைய அளவைப் படம் சென்னையில் வருவாய்த் துறை அலுவலகத்தில் இருக்கக்கூடும், அதில் வாய்க்கால் இருந்தால் வழக்கு நம் பக்கம் என்றார் ஊர் சார்பில் வழக்கு நடத்திய வக்கீல்.

யார் போவது என்று ஊரே யோசித்துக்கொண்டிருந்தபோது, பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நாற்பது வயது. கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் அவருக்கு இருந்தது.

“டீச்சரம்மா, எனக்கு எழுத்துத் தெரியாது, வாய்க்காத் தெரியும். உங்களுக்கு இங்கிலீசு தெரியும். ரெண்டு பேருமாப் போய்ட்டு வந்துருவமா?”

வீட்டில் என் அத்தாவிடம், அதாவது தகப்பனாரிடம், சொன்னேன். “ஆம்பளைக யோசிச்சுக்கிட்டே இருப்பாக. நீ போய்ட்டு வாம்மா” என்றார்.

மாலை ரயிலில் திண்டுக்கல்லை விட்டோம். மூன்றாம் வகுப்பு, ஏறக்குறைய 420 கிலோமீட்டர். கையில் புளிச்சோறும் ஆயக்குடிக் கொய்யாவும் இருந்தன. மறுநாள் காலை 6.40-க்கு எழும்பூர். அங்கிருந்து மாளிகை நான்கு கிலோமீட்டர்தான். ரிக்‌ஷாக்காரர், “ஆபீஸுக்கா? குந்துங்கம்மா, ஒண்ணார் ரூபா” என்றார். பேச்சியம்மாள் ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

நவாப் காலத்து மாளிகை. சிவந்த சுவர்கள், குவிமாடங்கள், உயர்ந்த கோபுரம், சாலைக்கு அந்தப் பக்கம் கடல். அண்ணாந்து பார்த்த பேச்சியம்மாள், “இம்புட்டுப் பெரிய வீட்ல நம்ம வாய்க்கா எங்கிட்டுக் கெடக்கோ” என்றார்.

மனுவை வாங்கிய குமாஸ்தா நல்ல மனிதர். பதினொரு மணிக்கு, துணி ஒட்டிய பெரிய படம் ஒன்றை மேசையில் விரித்தார். ஆங்கில எழுத்துகளை வரிவரியாகப் படித்தேன். கண்மாய் இருந்தது. வாய்க்கால் என்று ஓர் இடத்திலும் எழுதியிருக்கவில்லை. அரை மணி நேரம் தேடினேன். “இருந்தா எழுதியிருப்பாங்களேம்மா” என்று குமாஸ்தா மெதுவாகச் சொன்னார். ஊருக்குப் போய் எந்த முகத்தோடு நிற்பது?

“இதுல மலை எது டீச்சரம்மா?” என்று பேச்சியம்மாள் கேட்டார். படத்தின் அடியில் கோடுகோடாக இருந்த இடத்தைக் காட்டினேன்.

“அப்பச் செத்தத் திருப்புங்க சார். மலை எனக்கு எதுத்தாப்புல வரணும்.”

குமாஸ்தா படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். பேச்சியம்மாள் மலையில் விரலை வைத்து மெல்லக் கீழே இழுத்தார். “இங்கன பாறையச் சுத்தி வளையும். அப்புறம் ரெண்டாப் பிரியும். இந்தா, பிரியுது. நடுவுல இருக்கது எங்க அய்யனாரு திட்டு. இந்தா, சேந்து கண்மாய்க்குப் போயிருச்சு. இதுதேன் சார்.”

வண்டிப் பாதை என்று நான் தள்ளிவிட்ட இரட்டைக் கோடு அது. குமாஸ்தா பூதக்கண்ணாடியில் சர்வே எண்ணைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து, “சர்க்கார் புறம்போக்கு, வாய்க்கால். நீங்க சொன்னது சரிம்மா” என்றார். பேச்சியம்மாள் சிரித்தார். நான்தான் அழுதேன்.

முத்திரையிட்ட நகல் நாலு மணிக்குக் கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் சாலையைக் கடந்து கடலைப் பார்த்தோம். முழங்கால் வரை இறங்கி நின்ற பேச்சியம்மாள், “இம்புட்டுத் தண்ணி இருந்தும் ஒரு வயலுக்கு ஆகாது” என்றார்.

இப்போது போகிறவர்களுக்கு: சேப்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். இன்றும் அங்கே அரசு அலுவலகங்கள் இருப்பதால் எல்லா இடத்துக்கும் விடமாட்டார்கள், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலப் படம் பார்க்க எங்கே போனாலும், அந்த நிலத்தில் நடந்து பழகிய ஒருவரைக் கூட்டிப் போங்கள். எனக்குப் படிக்கத் தெரிந்ததை மட்டும் நம்பிப் போயிருந்தால் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பேன்.

வழக்கு மறுவருஷம் எங்கள் பக்கம் முடிந்தது. மண்ணை வெட்டி அகற்றினார்கள். ஐப்பசி மழையில் வாய்க்காலில் வந்த முதல் தண்ணீருக்கு முன்னால், மலையடிவாரத்திலிருந்து கண்மாய் வரை பேச்சியம்மாள் நடந்தே வந்தார். அன்று பள்ளிக்கு விடுமுறை விட்டோம். பத்தாம் நாள் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது.