ஓட்டத்துக்கு விட்ட மீன்

நான் சைவம். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். ஆனால் எனக்குத் தூண்டில் போடப் பிடிக்கும். தக்கை அமுங்கி, தூண்டில் நரம்பு விண்ணென்று இழுத்து, உள்ளங்கைக்குள் ஒரு உயிர் துள்ளும். அது போதும். அப்புறம் விட்டுவிடுவேன். விடாமல் என்ன செய்ய? வீட்டுக்குக் கொண்டுபோனால் மீனோடு என்னையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடுவார்கள்.

வீட்டைப் பொறுத்தவரை நான் காலையில் வாக்கிங் போகிறேன். வாக்கிங் போவதற்கு ஸ்கூட்டரில் போகிற ஆள் தென்காசியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மடக்குத் தூண்டில் சீட்டுக்கு அடியில் இருக்கும். இரையும் சைவம்தான், ராத்திரி பிசைந்த சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை. மாவு குறைவதைக் கண்டுபிடித்துவிட்ட என் மனைவி அடுப்படியில் எலிப்பொறி வைத்திருக்கிறாள்.

இலஞ்சிப் பக்கம் சிற்றாற்றில் ஒரு தடுப்பணை உண்டு. சாரல் காலத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அங்கே ஜிலேபிக் கெண்டை நன்றாகக் கடிக்கும். மீனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மனுசரால்தான். நம் ஊரில் ஒருவன் தண்ணீரைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்தாலே பின்னால் நாலு பேர் நிற்பார்கள். பிடித்த மீனைத் திரும்ப விட்டால் கேட்கவா வேண்டும்.

"ஏன் அண்ணாச்சி விடுதீங்க?"

முகம் சுளிக்காமல் பதில் சொல்வது என் வழக்கம். உண்மையைச் சொல்வதுதான் வழக்கம் இல்லை. சைவக்காரன் தூண்டில் போடுகிறான் என்று தெரிந்தால் மறுநாள் தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஊர் சிரிக்கும். அதனால் முதலில், "குட்டி மீனு, வளரட்டும்" என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லி வாய் மூடவில்லை, முழங்கை நீளத்துக்கு ஒன்று மாட்டியது. "டாக்டர் மீன் திங்கக் கூடாதுன்னுட்டாரு" என்றேன். "அப்போ இங்கன போடுங்க" என்று ஒருவர் பையை விரித்தார். "ஆராய்ச்சி பண்ணுதேன்" என்றேன். என் டிபார்ட்மெண்டில் மருமகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார் இன்னொருவர்.

தினமும் அங்கே குளிக்க வரும் ரிட்டையர்டு மிலிட்டரிக்காரர் ஒருவர்தான் மோசம். தலையில் சோப்பு நுரையோடு படித்துறையில் நின்று, "பிடிக்குததும் நீரு, விடுததும் நீரு. நடுவுல அந்த மீனு என்னவே பாவம் பண்ணுச்சு?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "வேண்டுதல் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். சத்தம் அடங்கிவிட்டது. அவர் நுரையைக் கழுவிக்கொண்டு, "சாமி காரியம்னு முதல்லயே சொல்லப்படாதா வே" என்றார். என்ன வேண்டுதல், எந்தச் சாமிக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதையெல்லாம் கேட்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். இத்தனை நாள் இந்தப் பதில் தோன்றாமல் போச்சே என்று எனக்கு ஒரே பெருமை.

பெருமை ஒரு வாரம் இருந்தது.

ஐந்தருவி ரோட்டில் மங்குஸ்தான் விற்கிற அம்மா ஒருத்தி. காலையில் கூடையோடு தடுப்பணை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவாள். அன்றைக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் திரும்பும்வரை பேசாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, மத்தவங்களுக்காகவும் விடலாமா?"

"எது?"

"மீனு. என் மவன் போலீஸ் செலக்சனுக்குப் போறான். எழுதுனதுல பாஸாயிட்டான். நாளான்னைக்கு ஓட்டம். போன தடவை ஓட்டத்துலதான் போச்சு. இதை விட்டா வயசு இன்னொரு தடவைக்குத்தான் இருக்கு. ஓட்டத்துக்குன்னு அவன் பேரைச் சொல்லி ஒரே ஒரு மீனு விடுங்க. நானே பிடிச்சு விடுவேன், எனக்குப் பிடிக்கத் தெரியாதே."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். படித்துறையில் மிலிட்டரிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "அதுக்கென்னம்மா" என்றேன்.

தக்கை அமுங்கியது. உள்ளங்கை அளவு ஜிலேபி. தூக்கிப் பார்த்தால் தூண்டில் முள்ளைத் தொண்டைக்குக் கீழே விழுங்கியிருந்தது. நரம்பை அறுத்துவிட்டேன். செவுளிலிருந்து ரத்தம் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மீனை முன்னும் பின்னும் அசைத்தேன். கையை எடுத்தால் சாய்ந்தது. நிமிர்த்தினால் மறுபடி சாய்ந்தது.

"போயிட்டா அண்ணாச்சி?"

"போயிட்டு."

அவள் கோயில் இருக்கிற திசைக்குத் திரும்பிக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அந்த நேரத்தில் மீனைச் சட்டைக்கு அடியில் மறைத்துக் கரையேறி, பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். பைக்குள் அது ஒரு தடவை தொடையில் தட்டியது. அதற்கப்புறம் தட்டவில்லை.

என்னைப் பிடித்த சனி அதோடு விடவில்லை. அவள் பஸ்ஸை விட்டுவிட்டாள். "போற வழிதானே, ஐந்தருவி ரோட்டுல இறக்கி விட்டுருதீங்களா?" வழியே இல்லை, ஆனாலும் ஏற்றிக்கொண்டேன். பின்னால் அவள், மடியில் கூடை; முன்னால் நான், பையில் அவள் மகனுடைய மீன். மகன் விடிகாலையில் எழுந்து எவ்வளவு தூரம் ஓடுகிறான் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சாரல் அடித்தும் எனக்கு வேர்த்தது.

இறங்கியவள் என் பையைப் பார்த்தாள். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அது வேற மீனுதானே அண்ணாச்சி?"

"வேற மீனும்மா. முதல்லயே பிடிச்சது."

அவளுக்கு மூச்சு வந்தது. "இதுல முள்ளு ஜாஸ்தி, புள்ளைகளுக்குப் பார்த்துக் கொடுங்க. புளியை மட்டும் கூட ஊத்தச் சொல்லுங்க" என்று எனக்கு மீன்குழம்பு சொல்லிக்கொடுத்து, நாலு மங்குஸ்தானை வண்டிக் கூடையில் போட்டாள். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். திரும்புகிற வழியில் ஒரு தென்னந்தோப்பு ஓரமாகக் குச்சியால் தோண்டி மீனைப் புதைத்தேன். வீட்டில் மங்குஸ்தான் இனிப்பாக இருந்தது என்றார்கள். நான் தின்னவில்லை.

அப்புறம் கொஞ்ச நாள் தடுப்பணைப் பக்கமே போகவில்லை. நிஜமாகவே நடந்தேன். கால் வலித்தது. மறுபடி போனபோது அவள் வந்தாள்.

"ஓட்டத்துல நல்லா வந்துட்டான் அண்ணாச்சி. கயிறு ஏறுததுல வழுக்கிட்டான்."

நான் தூண்டிலைச் சுருட்டினேன். அவளே சொன்னாள்: "என் புத்தியத்தான் சொல்லணும். ஓட்டத்துக்குன்னு மட்டும் கேட்டேன் பாத்தீங்களா. மொத்தத்துக்கும்னு கேட்டிருந்தா ஆயிருக்கும். வாய் நிறைய கேட்கத் தெரியலையே எனக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீன் செத்துப்போச்சு என்று சொன்னால் அதனால்தான் கயிறு வழுக்கியது என்பாள். வேண்டுதலே பொய் என்று சொன்னால் மகனின் ஓட்டத்தையும் சேர்த்துப் பிடுங்கின மாதிரி ஆகும். இரண்டு பக்கமும் நினைத்துப் பார்த்தேன் என்று பெருமையாக எழுதுகிறேன். உண்மையில், மிலிட்டரிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைத்தான் முதலில் நினைத்தேன். எப்படியாவது அவள் அழுகையை நிறுத்த வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்க மேல தப்பில்லம்மா. கயிறுக்கும் சேர்த்துத்தான் மனசுல நினைச்சு விட்டேன்."

அழுகை நின்றது. நெற்றி சுருங்கியது. "அப்படியா? அப்போ அந்த மூதிப் பயதான் ஒழுங்காப் பழகல. இன்னைக்கு இருக்கு அவனுக்கு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

இப்போது நான் போகிற வழியில் ஒரு மாமரத்தில் கயிறு தொங்குகிறது. காலையில் அவள் மகன் அதில் ஏறுகிறான், இறங்குகிறான். உள்ளங்கையில் துணி சுற்றியிருக்கிறான். துணியில் ரத்தம். நான் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போய்விடுவேன். முந்தாநாள் பள்ளத்தில் வண்டி அணைந்து அவன் மரத்தடியிலேயே நின்றுவிட்டது.

மேலிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி, கயிறுக்கும் சேர்த்து விட்டீங்களாமே, அம்மா சொன்னா. நான்தான் கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

"நல்லா இறுக்கிப் பிடிச்சு ஏறுலே" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

தூண்டில் முள்ளில், மீனை நழுவவிடாமல் பிடிக்கிற சின்னப் பிசிறு ஒன்று உண்டு. அன்றைக்கே அதைக் குறடால் நசுக்கிவிட்டேன். இப்போது கடிக்கிற மீனில் பாதி, கைக்கு வருமுன்னே தானாகக் கழன்று போகிறது. வந்தாலும் லேசாகத் தட்டினாலே முள் விட்டுவிடுகிறது. விழுங்குகிற நேரமே கொடுப்பதில்லை, தக்கை அசைந்ததும் இழுத்துவிடுகிறேன்.

"என்னவே, ஒண்ணும் தங்க மாட்டேங்கு?" என்றார் மிலிட்டரிக்காரர், தலை துவட்டிக்கொண்டே. "வேண்டுதல் முடிஞ்சிட்டா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி" என்றேன்.