அப்பாவின் கிளிஞ்சல் சுண்ணாம்பு

சொந்த வீட்டிலேயே திருடியிருக்கிறாயா என்று யாராவது கேட்டால் தயங்காமல் ஆமாம் என்பேன். எண்பதுகளின் தொடக்கம், கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸ், அப்பா தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம். திருடிய பொருள், அவர் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு.

அப்போது நான் டெல்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கோழிக்குஞ்சின் தசையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். பதினோரு நாள் அடைகாத்த முட்டையை உடைத்து, கருவின் மார்புத் தசையை எடுத்து, செல் செல்லாகப் பிரித்துத் தட்டில் வளர்ப்பேன். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பம். "முட்டைக் கடையில வேலைன்னாலும் ஒரு அர்த்தம் இருக்கும். இவ உடைச்சு உடைச்சுப் பாக்கறாளாம்" என்பாள் அம்மா. சாயங்காலம் குளிக்காமல் நான் அடுப்படிக்குள் நுழைய முடியாது.

தசைச் செல்கள் விசித்திரப் பிறவிகள். ஆரம்பத்தில் மற்ற செல்களைப் போலத்தான் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகும். பிறகு திடீரென்று பிரிவதை நிறுத்திவிடும். நீளவாக்கில் பக்கத்துப் பக்கத்தில் வந்து படுத்து, ஒன்றையொன்று தொட்டுப் பார்த்து, நடுவிலிருக்கும் சவ்வைத் திறந்துவிட்டு ஒரே உடலாகிவிடும். அப்படிப் பல செல்கள் சேர்ந்து ஒரு நீண்ட குழாய். உட்கருக்கள் மட்டும் கலக்காமல், பால் பூத் வரிசை மாதிரி உள்ளே நிற்கும். இந்தக் குழாய்தான் வளர்ந்து தசைநார் ஆகிறது.

சேர்வதற்குக் கால்சியம் வேண்டும். அது குறைந்தால் பக்கத்தில் வந்து படுக்குமே தவிர ஒட்டாது. அதனால் செல்களை இரண்டு நாள் கால்சியம் குறைவான நீரில் வைத்திருந்து, பிறகு கால்சியம் கொடுத்தால், காத்திருந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சேரும். என் ஆராய்ச்சியே அதுதான்.

திங்கட்கிழமை காலை கமிட்டி வருவதாக இருந்தது. செல்கள் சேர்ந்ததைக் காட்டினால் எனக்கு இன்னும் ஒரு வருடம் உதவித்தொகை. காட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், எதையும் கோப்பு போலத்தான் நடத்துவார். திருச்சியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. "எக்ஸ்டென்ஷன் கெடச்சா அடுத்த வருஷம் பாப்போம். கெடைக்கலேன்னா அன்னிக்கே சம்மதம்னு எழுதிடுவேன்" என்று சொல்லி, ஓர் இன்லேண்ட் லெட்டரை வாங்கிச் சட்டைப் பையில் தயாராக வைத்துக்கொண்டார். நீல நிறம் துணி வழியாகத் தெரியும்.

இந்த லட்சணத்தில் நான் செய்த காரியம் என்ன? வெள்ளிக்கிழமை பார்த்தால் கால்சியம் குளோரைடு பாட்டில் மழைக்கால ஈரத்தை இழுத்துக் கூழாகியிருந்தது. மூடியைச் சரியாக மூடாத புண்ணியவதி நான்தான். நாளை ஸ்டோரில் புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று அத்தனையையும் தொட்டியில் கொட்டிவிட்டேன். நாளை ஆகஸ்ட் பதினைந்து. கொடியேற்றத்துக்காக ஒரு வாரமாக ஊரே தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறது, மத்திய அரசு ஊழியரின் மகளுக்கு மட்டும் அது நினைவில்லை.

சனிக்கிழமை போனால் ஸ்டோர் பூட்டு, மற்ற அறைகளும் பூட்டு. என் அறைச் சாவி மட்டும் என்னிடம். செல்கள் அழகாக வரிசையில் படுத்துக் காத்திருந்தன. இன்னும் ஒரு நாள் போனால் கெட்டுவிடும். அழுகை வந்தது. அழுதுகொண்டே அலமாரியைப் பார்த்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நிறைய இருந்தது. அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்தால் கால்சியம் குளோரைடு. பள்ளிக்கூடப் பாடம்!

சுண்ணாம்புக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டாம். டெல்லிச் சுண்ணாம்பு நாக்கைப் புண்ணாக்கிவிடும் என்பது அப்பாவின் தீர்ப்பு. அதனால் தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா, ரயிலில் வருகிறவர்கள் யாரிடமாவது கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு டப்பா கொடுத்தனுப்புவார். கடலில் கிடைத்த சிப்பியைச் சுட்டு நீற்றியது, வெண்ணெய் மாதிரி இருக்கும். பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன். அப்பா சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, குறட்டையில் இருந்தார். பாதி எடுத்தால் யார் எடுத்தது என்று கேள்வி வரும், முழுசாக எடுத்தால் தொலைந்தது என்று நினைப்பார். டப்பாவோடு எடுத்தேன்.

அமிலம் விட்டதும் சுண்ணாம்பு சூடேறிக் கரைந்தது. வடிகட்டி, அமிலம் மிஞ்சாமல் சரிசெய்து, கிருமி நீக்கினேன். எவ்வளவு விடுவது என்றுதான் தெரியவில்லை. மூன்று தட்டுகளுக்கு மூன்று அளவாக விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் தட்டில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவதில் எல்லாம் செத்துச் சுருண்டிருந்தன. நடுத் தட்டில் நீள நீளமாகக் குழாய்கள்! நான் அந்த அறையில் தனியாகக் குதித்தேன்.

வீட்டிலோ ரணகளம். "எங்கேடி வச்சே என் சுண்ணாம்ப?"

"நான் எதுக்கு உங்க சுண்ணாம்பத் தொடப் போறேன்? ஆபீஸ்ல எதையாவது தொலைச்சாலும் என்னைத்தான் கேப்பீங்களா?" என்றாள் அம்மா.

அப்பா தெருமுனைப் பான் கடைச் சுண்ணாம்பைத் தடவி, நாக்கு வெந்து, மோர் சாதம் மட்டும் சாப்பிட்டார். நான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

திங்கட்கிழமை கமிட்டியில் ஒருவர், கால்சியம் எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொந்தத் தயாரிப்பு என்றேன். தலையாட்டிக்கொண்டார். ஒரு வருடம் கிடைத்தது.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு அப்பா நேராக ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். சட்டைப் பையில் நீலம்.

"என்னடி ஆச்சு?"

"கெடச்சுடுச்சுப்பா."

"அச்சா" என்றார், கோப்பில் கையெழுத்துப் போடுகிற குரலில். முகம் கொஞ்சம் வாடியது. எனக்குப் பாவமாக இருந்தது. அதற்கு மேல் மறைக்க முடியாமல் சுண்ணாம்புக் கதையைச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "எங்கே, காட்டு" என்றார். நடுத் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"துடிக்கறதே இது."

"மேஜையை ஆட்டாதீங்கப்பா."

"நான் மேஜையைத் தொடவே இல்லடி."

தள்ளிவிட்டுப் பார்த்தேன். குழாய் ஒன்று சுருங்கி விரிந்தது. நின்றது. மறுபடி சுருங்கியது. காலையில் கமிட்டிக்குக்கூடக் காட்டாத துடிப்பு. தசையாகிவிட்டிருந்தது.

அப்பா முக்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து இன்லேண்ட் லெட்டரை எடுத்தார். திருச்சிக்குத்தான் எழுதப் போகிறாரோ? என் பேனாவை வாங்கி முழங்காலில் வைத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். சித்தப்பாவுக்கு எழுதியிருந்தார்: 'அடுத்த முறை ஆள் வரும்போது கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு டப்பா கொடுத்தனுப்பவும். ஒன்று பெண்ணுக்கு.'