முழங்கால் உயரத்தில் ஒரு வகுப்பறை

கதவருகில் தொடங்கி, குட்டி மேசைகளுக்கு நடுவே புகுந்து, கரும்பலகை வரைக்கும் அவர் முழங்காலாலேயே நடக்கிறார். இரண்டு முட்டியிலும் பழைய துண்டை மடித்துக் கட்டியிருக்கிறார். பாதி வழியில் நின்று, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "இங்கேருந்து பார்த்தா குப்பைத்தொட்டிதான் நல்லாத் தெரியுது. போர்டு தெரியவே இல்ல" என்று புகார் சொல்கிறார். கேட்க அறையில் யாரும் இல்லை. பள்ளி திறக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

இவர் எங்கள் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நான் பக்கத்து அறையில் இரண்டாம் வகுப்பு எடுப்பவன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதில் பதினோரு வருஷமாக அவர் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்.

ஆள் நல்ல உயரம். நின்று பார்த்தால் வகுப்பறை டீச்சருடையதாகத் தெரியும், முட்டி போட்டால்தான் பிள்ளைகளுடையதாகத் தெரியும் என்பது அவர் கட்சி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் 'முட்டி டீச்சர்' என்று பெயர் வைத்திருப்பது அவருக்கும் தெரியும். "பரவாயில்ல சார். எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு என்ன பேர் வெச்சிருந்தாங்கன்னு கேட்டிருக்கீங்களா?" என்பார். கேட்டிருக்கிறேன். இங்கே எழுத முடியாது.

உறவினர் வீட்டுக்குப் போனால் முதலில் நலம் விசாரிப்பார், அடுத்து டப்பா விசாரிப்பார். காலி டப்பாக்கள்தான் அவர் வகுப்பின் அஸ்திவாரம்: பென்சிலுக்கு ஒன்று, முனை உடைந்த பென்சிலுக்கு ஒன்று, யாருடையது என்று தெரியாத பொத்தான்களுக்கு ஒன்று, விழுந்த பற்களுக்கு ஒன்று. அவருடைய ஓரகத்தி பிஸ்கட் டின்னை ஒளித்து வைத்துவிட்டுத்தான் கதவையே திறப்பாளாம். இதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "டின்னு இன்னும் காலி ஆகலைன்னு சொன்னா. எனக்குத் தெரியாதா, குலுக்கினாலே தெரியும்."

டப்பாவோடு நின்றிருந்தால் எனக்கும் நிம்மதி. என் வகுப்பிலிருந்து ஒரு ஸ்டூல், இரண்டு பாய், நல்ல டஸ்டர் ஒன்று ஆகியவை அந்தப் பக்கம் குடிபோயிருக்கின்றன. கேட்கப் போனால், பொருளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க சார். இது இங்கதானே பொருத்தமா இருக்கு?" என்பார். சங்கடம் என்னவென்றால், பொருத்தமாகத்தான் இருக்கும்.

அவருடைய வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். வருஷத்து விடுப்பில் ஐந்து நாளை இந்த வாரத்துக்கென்றே எடுத்து வைப்பவர். அலமாரியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு மூச்சுப் பிடித்து நிற்பார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஐயோ, உங்க இடது இல்ல, என் இடது." பத்து நிமிஷம் கழித்து அலமாரி முதலில் இருந்த இடத்துக்கே வந்து சேரும். "அப்பவே இங்கதானே இருந்துச்சு?" என்று அவர் கேட்டால், "அப்ப சும்மா இருந்துச்சு. இப்ப பார்த்து வெச்சிருக்கோம்" என்று பதில் வரும். மனிதர் மறுபேச்சில்லாமல் வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

எழுத்துத் தெரியாத பிள்ளைகள் பையை எங்கே மாட்டுவது என்று தெரிந்துகொள்ள, கொக்கிக்கு ஒரு படம் வரைந்து ஒட்டுவார். ஆரம்பத்தில் படங்களை அவரே பங்கிட்டுக் கொடுத்தார். ஒரு வருஷம் கத்தரிக்காய் கிடைத்த பிள்ளை மூன்று நாள் அழுது, நான்காம் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தது. அப்பா தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்க டீச்சர், எங்க வீட்ல யாருக்கும் கத்தரிக்காய் ஒத்துக்காது" என்றார். அன்றிலிருந்து படத்தைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. இப்போது வருஷத்துக்கு ஏழு யானை வருகிறது.

இந்த வருஷம் எல்லாம் முடிந்து, சுவரோரம் கீழே பிள்ளைகள் உயரத்தில் ரயில் ஒன்றைக்கூட வரைந்து முடித்திருந்தார். பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது தலைமையாசிரியர் வந்தார். கம்ப்யூட்டர்கள் வரப்போகின்றனவாம். ஜன்னலுக்குக் கம்பி இருப்பது இந்த அறையில்தானாம். ஒன்றாம் வகுப்பு, தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய நான்காம் வகுப்பு அறைக்குப் போக வேண்டுமாம்.

டீச்சர் கத்தவில்லை. "சரி சார். ஒரு நிமிஷம் அந்த ரூமுக்கு வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

"இங்க முட்டி போடுங்க சார்."

"யாரு, நானா?"

"நீங்கதான் சார். போட்டுட்டு போர்டைப் பாருங்க."

தலைமையாசிரியர் கனத்த சரீரம். சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைக் கண்டு முறைத்துவிட்டு, மெல்ல இறங்கி மண்டியிட்டார். பலகையைப் பார்ப்பதற்குத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. "ஆமா, கழுத்து வலிக்குது" என்று ஒப்புக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்தார். வலது முட்டி பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து அலுவலக உதவியாளர் கையெழுத்துக்குக் கோப்போடு வந்து நின்றார். தலைமையாசிரியர் மண்டியிட்டபடியே, அங்கே கிடந்த பழைய மேசைமேல் வைத்து நான்கு கையெழுத்துப் போட்டார். "நீ ஒண்ணும் பார்க்கல" என்றார். "இல்லீங்க சார்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார் உதவியாளர். பிறகு நாங்கள் மூவரும் சேர்ந்து தூக்கிவிட்டோம்.

"ரூம் மாத்துறது மாத்துறதுதான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அவர், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "ஆனா போர்டைக் கீழ இறக்கித் தரச் சொல்றேன். எவ்வளவுன்னு நீங்களே குறிச்சுக் குடுங்க."

பாதி வெற்றிதான். டீச்சர் தன் அறைக்குத் திரும்பி, ஒரு குட்டி நாற்காலியில் அமர்ந்து, ரயிலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். நான் என் அறைக்குப் போய்விட்டேன். சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ஆணி பிடுங்கும் சத்தம்.

மறுநாள் சாயங்காலத்துக்குள், வீட்டுக்காரரின் இடுப்பு உபயத்தில், வகுப்பு முழுக்கத் தாழ்வாரத்தைத் தாண்டிவிட்டது. இப்போது அவர் அறை என் வாசலுக்கு நேரெதிர். அதனால்தான் அடுத்து நடந்ததை நான் பார்த்தேன்.

முதல் நாள் ஒரு சிறுமி தாழ்வாரத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் அவளும் அழுதுவிட்டுப் போனாள். டீச்சர் வெளியே வந்து அவள் முன்னால் முட்டி போட்டார்.

"நான் உள்ள வர மாட்டேன்."

"வர வேணாம். யாரு கூப்பிட்டா?"

ஒரு குட்டி நாற்காலியைக் கொண்டுவந்து தூணோரம் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வருகைப் பதிவு எடுக்கும்போது எல்லாரும் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். அந்தச் சிறுமியின் முறை வந்ததும், "வெளியே இருக்கேன் டீச்சர்" என்று தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் முகம் மாறாமல் குறித்துக்கொண்டார்.

சுற்றிவந்த தலைமையாசிரியர் நின்றார். "இது என்ன டீச்சர், பிள்ளையை வெளிய உக்கார வெச்சிருக்கீங்க?"

"வெளிய இல்ல சார். வகுப்பு இங்க வரைக்கும் இருக்கு."

அவர் தரையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். எங்கே முட்டி போடச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தோ என்னவோ, மேற்கொண்டு கேட்காமல் நடந்தார்.

அன்று பிள்ளைகள் போனபிறகு டீச்சர் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அங்கிருந்து அறைக்குள் பார்த்தார். அலமாரியின் முதுகு மட்டும் தெரிந்தது. கடைக்கு ஃபோன் போனது, வீட்டுக்காரர் வந்தார், அலமாரி நகர்ந்தது. மறுநாள் கதை சொல்லும் பாய் கதவோரம் வந்தது. அதற்கடுத்த நாள் பொம்மைக் கூடை. ஒரு சிறுமிக்காக முப்பத்தொரு பேரின் வகுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. ஒரு தடவை கேட்டே விட்டேன்: "அவளைத் தூக்கிட்டு வந்து உள்ள உக்கார வெச்சா முடிஞ்சுதே டீச்சர்?"

"தூக்கிட்டு வந்தா நான் கொண்டுவந்தேன்னு அர்த்தம் சார். அவ வந்ததா ஆகாது" என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு ராட்டினப் பொம்மையைப் பார்த்தா. ரெண்டு தடவை" என்றார்.

ஏழாம் நாள் காலை. டீச்சர் பலகையில் 'ஆ' எழுதிக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் சிறுமி எழுந்தாள். என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் அவசரமாக ஒரு நோட்டைத் திருத்தினேன். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் தாண்டினாள். நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

டீச்சர் மட்டும் திரும்பவில்லை. எழுதி முடித்த 'ஆ'வின் மேலேயே இன்னொரு 'ஆ' எழுதினார். அதன் மேலேயே இன்னொன்று. அந்தக் கிறீச் சத்தம் நிற்கும்வரை சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுக்கவே இல்லை.