வச்சிரம் பூசிய படம்

தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணியடிக்கும் ஆசாரி என் அப்பா. இலங்கையில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பங்களாவில் புல் வெட்டப் போகும் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு போன எனக்குத் துரைசாணி ஒரு பெட்டியை இரவல் தந்தாள். உள்ளே, கோணல்மாணலாக அறுத்த பலகைத் துண்டுகளில் ஒரு பசுமாட்டுப் படம். வீட்டில் பழகிவந்து தன் முன்னால் சேர்த்துக் காட்டினால் அடுத்த பெட்டி தருவதாகச் சொன்னாள். அந்த அடுத்த பெட்டி எனக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

சேராது, சேராது, திருப்பினால் சேரும். நேரான விளிம்பெல்லாம் ஓரத்துக்கு. கொம்பின் நுனி ஆகாயத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். எதையும் பாதியில் எறிந்துவிட்டு அழுகிற பிள்ளை நான். பொறுத்துப் பார்க்க அந்த மாட்டின் காலடியில்தான் கற்றேன். மலையைக்கூட அப்படிப் பார்க்கத் தொடங்கினேன்: எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரை எங்கே முடிகிறது, தேயிலை எங்கே தொடங்குகிறது, நடுவில் மிச்சமாகும் வடிவம் என்ன.

ஒரு சாயங்காலம் அப்பா வந்தார். தரையெல்லாம் துண்டுகள்.

“குடுத்த சாமான ஒடச்சிட்டியேடி, பாவி.”

“அது அப்படித்தாம்ப்பா இருக்கும்.”

“ஒடஞ்சேவா குடுப்பாங்க?”

முதுகில் அறைந்தார். மறுநாள் காலை அவருக்குக் காட்டுவதற்காகவே முழு மாட்டையும் சேர்த்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் பெட்டிப் பலகையொன்றில் வச்சிரப் பசை காய்ச்சிப் பூசி, மாட்டை அதன்மேல் ஒட்டிக் கல்லை ஏற்றியிருந்தார். என் அழுகை அவருக்கு விளங்கவில்லை.

தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படத்தை அவரே பங்களாவுக்குத் தூக்கி வந்தார்.

“இனிமே ஒடையாதுங்க, தொரசாணி.”

அவள் நகத்தால் ஒரு துண்டை நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. துரையைக் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பாராட்டு என்று நினைத்து அப்பாவும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. அவர் யாரோ, நான் யாரோ என்பதுபோல ஓர் அடி தள்ளி நின்றேன்.

இறங்கும் வழியில் கேட்டார்: “என்னத்துக்கு ஆயி அப்படிச் சிரிச்சாங்க?”

சொன்னேன். பிரிக்கிறதுக்கும் சேர்க்கிறதுக்கும்தான் அது என்று. சேர்த்துக் காட்டினால் இன்னொன்று கிடைத்திருக்கும் என்று. அப்பா நின்றுவிட்டார். பிறகு திரும்பி ஏறினார், பங்களாவின் குசினிப் பக்கமாக.

“புள்ள தானாத்தாங்க சேத்துச்சு,” என்றார் சமையல்காரரிடம். “நாந்தான் புத்தியில்லாம ஒட்டிப்புட்டேன். தொரசாணிகிட்ட அதச் சொல்லிருங்க.”

உள்ளே மறுபடியும் சிரிப்புச் சத்தம். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சமையல்காரர் புதுப் பெட்டியோடு வந்தார்.

“வச்சிரச் சட்டிய தூரமா வைக்கணுமாம், ஆசாரி.”

“சரிங்க.”

லயத்தில் அதை நான் பரப்பியபோது அப்பா சுவரோரம் குந்தியிருந்தார், இரண்டு கைகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒரு துண்டு சறுக்கி அவர் காலடிக்குப் போனது. எடுத்துத் தருவார் என்று கையை நீட்டினேன். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நீயே எடுத்துக்க, ஆயி.”