சண்முகையா திருத்திய ரிக்கார்டு

சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டோரம் மைக்செட் கடை வைத்திருந்த சண்முகையாவுக்குக் காது கூர்மை என்று பெயர். கரிவலம்வந்தநல்லூரில் கல்யாணம், குருவிகுளத்தில் கோயில் கொடைத் திருவிழா என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். பந்தலுக்கு வெளியே நின்றபடியே, ஊசி தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்துவிடுவார். பதினெட்டு வருடமாக ஒரே வரிசை: விடிந்ததும் சாமி பாட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரம், பந்திக்குச் சினிமாப் பாட்டு. ஒருமுறை வரிசையை மாற்றிப் போட்டதற்குப் பெண்ணின் தகப்பனார் ஆம்ப்ளிபயர் பக்கத்திலேயே வந்து நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

எண்பத்திரண்டில் ஆடித்தபசுத் திருவிழா சமயம், கப்பலில் வேலை பார்க்கும் சங்கரபாண்டி விடுப்பில் ஊருக்கு வந்தான். ஒரு லுங்கிக்குள் சுற்றி இரண்டு இங்கிலீஷ் ரிக்கார்டுகளைக் கடைக்குக் கொண்டுவந்தான்.

"ரெண்டையும் கேசட்டுல ஏத்தித் தாங்க அண்ணாச்சி. கப்பல் ஆடுத ஆட்டத்துல ஊசி தாவிருது. ஒரே குரூப்புதான். இது பழசு, இது புதுசு. புதுச நானே இன்னும் கேட்கல."

"இதுல என்ன இருக்கு தம்பி, வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோ" என்றார் சண்முகையா.

பழையதை முதலில் ஓட்டினார். தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி மழை விழுவதுபோல் கித்தார் இரைந்தது. பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தினான். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. ரிக்கார்டின் மறுபக்கம் ஓடும்போது தன் கால் தாளம் போடுவதைத் தானே பார்த்தார்.

பிறகு புதியதை வைத்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆர்மோனியம் மாதிரி ஏதோ இழுத்தது. சொட்டுச் சொட்டாக டிரம். சாவு வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறவனைப்போல ஒருவன் முணுமுணுத்தான். கித்தாரைக் காணோம்.

ரிக்கார்டின் அட்டை உறையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். அதே நான்கு பேர். ஒருவன் மட்டும் முடியை வெட்டியிருந்தான். பெயர்களை எழுத்துக் கூட்டி ஒப்பிட்டார். அதுவும் சரியாக இருந்தது.

அப்படியானால் கோளாறு மெஷினில்தான். தட்டின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினார். நிமிடத்துக்கு முப்பத்துமூன்றும் கொஞ்சமும், சரியாக வந்தது. நாதஸ்வர ரிக்கார்டை வைத்தார், பிசிறில்லை. லோ வோல்டேஜாக இருக்குமோ என்று மத்தியானம்வரை காத்திருந்து மறுபடி ஓட்டினார். அதே முணுமுணுப்பு. வேகத்தை நாற்பத்தைந்து சுற்றுக்கு மாற்றினால் பாடுகிறவன் எலிபோலக் கீச்சிட்டான்.

மனைவி பேச்சி காப்பி கொண்டுவந்து வைத்தாள். தறிச்சத்தத்தில் வேலை பார்த்துப் பழகியவள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள்.

"ஒரே ஆளுதாங்க."

"ஏட்டி, எதை வச்சுச் சொல்லுத?"

"வரி முடியுதப்ப மூச்ச வெடுக்குன்னு இழுக்கான் பாருங்க. ரெண்டுலயும் அப்படித்தான் இழுக்கான்."

"நல்லா இருந்தத எவனாவது மாத்துவானா? அதுவும் ஊரே கேட்டுட்டு இருக்கையில?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் அதையே போட்டுப் போட்டுக் கேட்டார். ரிக்கார்டு அச்சடித்த கம்பெனியில்தான் பிசகு என்று கடைசியில் முடிவுக்கு வந்தார். மோட்டார் அச்சில் செலோடேப்பைச் சுற்றினார். அச்சு தடித்தால் தட்டு கொஞ்சம் வேகமாகச் சுற்றும். ஒவ்வொரு சுற்றாகக் கூட்டி, முணுமுணுக்கிறவன் குரல் கத்துகிறவன் குரலுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினார். கீச்சொலியைக் கூட்டும் டிரெபிள் குமிழை முழுக்கத் திருகி வைத்துக் கேசட்டில் ஏற்றிவிட்டு, செலோடேப்பைச் சுரண்டி எடுத்தார். வியாழக்கிழமை சங்கரபாண்டி ரிக்கார்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு, கேசட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினான். செய்ததை அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவன் அதே குரூப்பின் மூன்றாவது ரிக்கார்டோடு வந்தான்.

"அண்ணாச்சி, அந்தப் புதுசை என்ன செஞ்சீங்க? கப்பல்ல ஒரு கோவாக்காரன் அதே பாட்டை வச்சிருக்கான். அவன் கேசட்டு முடிய மூணு நிமிஷம் முந்தியே நம்ம கேசட்டு முடிஞ்சிருது."

சண்முகையா தலையைக் குனிந்தபடி ஒப்புக்கொண்டார். "அச்சடிச்சதுலதான் பிசகுன்னு நெனச்சு வேகத்தைக் கூட்டிட்டேன் தம்பி. அப்போ அந்தக் குரூப்புக்காரங்களாத்தான் மாத்தினாங்களா?"

"ஆமா. பழசையே எத்தனை வருஷம் வாசிக்கதுன்னு சொன்னாங்களாம். கப்பல்லயே அதை வச்சுப் பெரிய சண்டை. பாதிப் பேர் பழசுதான் பாட்டுங்கான், பாதிப் பேர் புதுசுங்கான்."

"நான் பத்தொன்பது வருஷமா அதே சாமி பாட்டை வைக்கேன். யாரும் எதுக்குன்னு கேட்டதில்லையே."

சங்கரபாண்டி சிரித்தான். சண்முகையா கடையிலேயே இருந்த அந்த ரிக்கார்டை எடுத்து வைத்து, பாட்டை அது பிறந்த வேகத்திலேயே ஓட்டிக் காட்டினார். இரண்டு நிமிடம் கேட்டதும் சங்கரபாண்டியின் முகம் சுருங்கியது.

"இது இழுக்குத மாதிரி இருக்கே அண்ணாச்சி. வேண்டாம், உங்க கேசட்டே இருக்கட்டும். அது பழகிப்போச்சு."

"அது தப்புல்லா தம்பி?"

"தப்புதான்" என்றான் அவன். ஆனாலும் புதுக் கேசட் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தான். அப்படியானால் எதுதான் அந்தப் பாட்டு என்று சண்முகையாவுக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது ரிக்கார்டை அவர் எந்தக் குமிழையும் தொடாமல் பதிவுக்கு வைத்தார். ஊசி இறங்கியதும், கித்தாரும் இல்லாமல் ஆர்மோனியமும் இல்லாமல் தறி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து வெளியே போய், எதிர்த்த சைக்கிள் கடை நிழலில் நின்றுகொண்டு, புளியங்குடி பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பஸ்ஸில் அவருக்கு வேண்டியவர்கள் யாரும் வருவதாக இல்லை.