பதில்கள் மட்டும்

செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதி. அதன் கணினிகளையும் மின்னஞ்சல் சர்வரையும் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. கிரிவலப் பௌர்ணமிக்கு முந்தைய வாரம் சர்வரில் இடம் தீர்ந்துபோனது. அறை கேட்டு வந்த அஞ்சல்கள் வாசலோடு திரும்பின. விடுதிக்காரரான பாய் என்னைக் கூப்பிட்டார்.

திறந்து பார்த்தால் முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது குப்பைதான். அழி என்று அமுக்கினால் கடிதம் போய்விடுவதில்லை. குப்பை என்கிற பக்கத்து அறைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்தும் துரத்த வேண்டும். ஓராண்டுக்கு முந்தையதை எல்லாம் ஒரேயடியாக நீக்கிவிடலாமா என்று பாயைக் கேட்டேன்.

"அழிச்சதுதான சார், எடுத்துடுங்க."

சர்வரும் ஒரு தடவை கேட்டது, நிச்சயமா என்று. ஆமாம் என்றேன். இடம் வந்தது. மலையைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

விடுதிக்கு வரும் கடிதங்களைப் பார்ப்பவர் ஓர் அக்கா. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பத்து நாள் கழித்து அவர் போன் செய்தார்.

"சார், குப்பையில வெச்சிருந்த பழசெல்லாம் காணோமே."

"குப்பையில எதுக்குக்கா வெச்சீங்க?"

"பதில் போட்டாச்சுன்னா அங்கதான் தள்ளுவேன். முன்பக்கம் காலியா இருந்தாதான் பாய்க்கு வேலை முடிஞ்ச மாதிரி. இல்லனா இன்னும் இவ்ளோ நிக்குதேனு கேப்பாரு. வேணும்னா அங்க போய் தேடிக்குவேன்."

பிரதி எடுக்கும் டிஸ்க் ஒன்று உண்டு. ஏழு நாளுக்கு ஒருமுறை பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். அப்படி அமைத்ததும் நான்தான்.

அக்கா தேடியது ஓர் அம்மாளின் கடிதங்களை. மார்கழிதோறும் வெளிநாட்டிலிருந்து வந்து அதே அறையில் தங்கியவர். இரண்டு வருஷம் முன்பு தன் ஊரில் இறந்துபோனார். அவருடைய அஞ்சல் கணக்கும் அவரோடு மூடிப்போயிற்று. இப்போது மகள் எழுதியிருந்தாள்: அம்மா என்னிடம் அதிகம் பேசியதில்லை, உங்களுக்கு நிறைய எழுதினாளாமே, படிக்க வரலாமா? எல்லாம் இருக்கிறது, வாங்க என்று அக்கா எழுதிவிட்டார். அவளும் வந்துவிட்டாள். மேலே அறையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் விடுதிக்கு ஓடினேன். "மிஷின் கோளாறுனு சொல்லிடலாமா சார்?" என்றார் அக்கா. எனக்காகத்தான் கேட்டார். ஒரு கணம் அந்தப் பொய் ஒதுங்க எவ்வளவு நல்ல நிழலாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். கீழே இறங்கி வந்த மகளிடம், அழித்தது நான் என்றேன். அவள் கோபப்படவில்லை. எதுவுமே இல்லையா என்று மட்டும் கேட்டாள்.

அக்கா அனுப்பியவை இருந்தன. ஆனால் வந்த கடிதத்தின்மேலேயே பதில் எழுதுவது மரியாதையில்லை என்று, ஒவ்வொரு தடவையும் புதுத்தாள் எடுப்பதுபோல் புதிதாகத் தொடங்குவது அவர் வழக்கம். அதனால் எந்தப் பதிலுக்குக் கீழும் அம்மாளின் ஒரு வரிகூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

மூவரும் திரை முன் உட்கார்ந்தோம். அக்காவின் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் வரிசையாகப் பதில்கள். சரி மேடம், கட்டிலை ஜன்னல் பக்கம் போடுகிறேன், மலை தெரியும். சால்வை பத்திரமாக இருக்கிறது மேடம். அப்படிச் சொல்லாதீர்கள் மேடம், மகள் என்றால் கோபம் வரும், போகும்.

மகளின் விரல் அங்கே நின்றது. அம்மா என்ன எழுதியிருந்தாள் என்றாள். நான் தமிழில் கேட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தேடினார். வெளியே ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன.

"உன்னப் பத்திதான் எழுதுனாங்கனு தெரியும்மா. வார்த்தை ஞாபகமில்ல. வேணும்போது படிச்சிக்கலாம்னுதான இருந்தேன்."

இதை மொழிபெயர்க்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அந்தப் பதிலை மட்டும் அச்சடித்துத் தரச் சொன்னாள். மேலே ஒரு வரி. மீதித் தாள் முழுக்க வெள்ளை. மடிக்காமல் கையில் பிடித்தபடியே படியேறினாள்.

அக்கா என் பக்கம் திரும்பாமல் அன்றைய அஞ்சல்களைத் திறந்தார். இரண்டுக்குப் பதில் போட்டார். பிறகு கேட்டார்:

"முடிச்சத எல்லாம் இனிமே எங்க தள்றது சார்?"